மேடை ஜமக்காளத்தில் ஓர் இடம்: கச்சேரியை வி.ஆரில் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு

மார்கழியில் சில கச்சேரிகளுக்குக் கூட்டம் தாங்காமல் போனால், சபாக்காரர்கள் மேடையிலேயே ரசிகர்களை உட்கார வைப்பதுண்டு. அங்கே ஸ்பீக்கர் சத்தம் சரியாகக் கேட்காது. பாடகரின் பக்கவாட்டு முகம்தான் தெரியும், கால் மரத்துப் போகும். ஆனாலும் அந்த இடத்துக்குப் போட்டி குறைந்ததே இல்லை. மிருதங்கக்காரரின் விரல் தெரியும். ஒரு சங்கதி வாகாக விழுந்ததும் வயலின்காரர் முகத்தில் ஓடும் சிரிப்பு தெரியும். நேரில் இசை கேட்டுப் பழகியவரை வி.ஆர். ஹெட்செட் (தலையில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் கருவி) இழுக்குமா என்று கேட்டால், பதில் அந்த ஜமக்காளத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கொடுத்தால் வருவார். அரங்கின் பதினைந்தாவது வரிசையைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு காபி கேட்பார்.

கூட்டத்தோடு சேர்ந்து கத்தவும் குதிக்கவும் போகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் விளையாட்டுக்குள் நடந்த ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் நிகழ்ச்சியில் ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் இருந்தார்கள். அதற்கு ஹெட்செட்டே தேவைப்படவில்லை. லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிய, ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) பாப் இசைக்குழுவின் நிகழ்ச்சியில் மேடையில் இருப்பது டிஜிட்டல் உருவங்கள். ஆனால் எதிரே 3,000 பேர் வரை தோளோடு தோள் உரசிக் கூடுகிறார்கள். கூட்டம் வேண்டுமென்பவருக்கு அது வேறு வழிகளில் கிடைத்துவிடுகிறது. ஹெட்செட்டால் தரமுடிவது நெருக்கம் ஒன்றைத்தான். ஆகவே உட்கார்ந்து வாசிக்கும், நாலைந்து பேர் கொண்ட, முகமும் விரலும் பேசும் இசைக்கு அது பொருந்தும். கர்நாடகக் கச்சேரிக்கு மிக நன்றாகவே பொருந்தும். ஸ்டேடியம் நிகழ்ச்சிக்கு யாராவது அழைத்தால் சாதாரண கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள்.

நெருக்கம் என்றால் எவ்வளவு? இதை அனுமானத்துக்கு விடவேண்டாம், கணக்கே இருக்கிறது. கேனான் 5.2 மி.மீ. இரட்டை ஃபிஷ்ஐ லென்ஸ் (கண்ணுக்கு ஒன்றாக, மிக அகலமாகப் பார்க்கும் இரண்டு லென்ஸ்) இந்த வேலையில் பரவலாகப் புழங்குகிறது. இரு லென்ஸுக்கும் நடுவே 60 மி.மீ. இடைவெளி, பார்வை 190 டிகிரி. 8கே கேமராவில் (படத்தின் அகலம் சுமார் 8,000 பிக்சல்) மாட்டினால் ஒரு கண்ணுக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 20 பிக்சல் கிடைக்கும். நல்ல கண்பார்வைக்கு ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூர்மையோடுதான் வேலையைத் தொடங்குகிறோம். பாடகரின் முகம் 15 செ.மீ. அகலம் என்று வையுங்கள். 2 மீட்டர் தொலைவில் அது 4.3 டிகிரி, சுமார் 86 பிக்சல். 8 மீட்டரில் 21 பிக்சல். 15 மீட்டரில் 11 பிக்சல், அதில் மூக்கும் வாயும் ஒன்றாகக் கரைந்துவிடும்.

ஆழத்தின் கணக்கு இதைவிட மோசம். பாடகர் 2 மீட்டரிலும் அவருக்குப் பின்னால் தம்பூரா போடுபவர் 3 மீட்டரிலும் இருந்தால், இரு கண்களின் படத்துக்கும் இடையே சுமார் 11 பிக்சல் வித்தியாசம் வரும். பார்த்த உடனே "அவர் பின்னால் இருக்கிறார்" என்று மூளை ஒப்புக்கொள்ளும். அதே இருவரை 8 மீட்டரிலிருந்து எடுத்தால் வித்தியாசம் ஒரே ஒரு பிக்சல். மேடை, சுவரில் மாட்டிய காலண்டர் படம்போல் தட்டையாகிவிடும். தலையில் அரைக் கிலோ மாட்டிக்கொண்டு காலண்டரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வி.ஆர். கேமராவில் ஒரு கண்ணுக்கு 8160 × 7200 பிக்சல், நொடிக்கு 90 ஃப்ரேம். அதில் முகம் கூர்மையாகும். கண் இடைவெளி அதே அளவில்தான் இருக்கிறது என்பதால் தூரத்து மேடை அப்போதும் தட்டைதான். காசு கொடுத்து இந்தப் பிரச்சினையைத் தீர்க்கமுடியாது. கேமரா மேடை ஏறியே ஆகவேண்டும்.

ஏறினால் எங்கே வைப்பது? பாடகருக்கு நேர் எதிரே 1.8 முதல் 2 மீட்டருக்குள், லென்ஸ் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில். சம்மணமிட்டவரின் கண்மட்டம் அதுதான். நின்றவர் உயரத்தில், 150 செ.மீ.-இல், வைத்துவிட்டால் பார்ப்பவருக்கு வித்வான்கள் எல்லோரும் குள்ளமாகி, தான் அவர்கள் தலைக்கு மேல் கவிந்து நிற்பதுபோல் ஒரு சங்கடம் வரும். காரணம் சொல்லத் தெரியாமல் "ஏதோ சரியில்லை" என்பார்கள். பார்ப்பவரின் இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். இரண்டும் நடுவிலிருந்து சுமார் 40 டிகிரியில் விழும்படி அமையும், தலையை லேசாகத் திருப்பினால் போதும். மிருதங்கக்காரர் இடக்கைக்காரராக இருந்தால் வலந்தலை (மிருதங்கத்தின் சிறிய முகம்) ரசிகர் பக்கம் வருவதற்காக இருவரும் இடம் மாறுவார்கள். அதைக் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் மைக் கேபிளை மறுபடி இழுக்கவேண்டாம்.

மைக் ஸ்டாண்டுதான் பெரிய எதிரி. நேர் எதிரே கேமரா வைத்தால் மைக்கின் தலை பாடகரின் வாயை மறைக்கும், அதுவும் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு இடத்தில் மறைக்கும். கேமராவை 20–30 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். மிருதங்கத்தின் பக்கம் நகர்த்துவது நல்லது. வயலின் பக்கம் நகர்ந்தால் வில் முன்னால் வந்து குத்தும். கேமராவிலிருந்து ஒரு மீட்டருக்குள் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. தண்ணீர் ஃபிளாஸ்க், பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், யாரோ வைத்துவிட்டுப் போன பூங்கொத்து, எல்லாம்தான். 40 செ.மீ.-இல் ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் பார்ப்பவரின் கண் அதை நோக்கி உள்வளைந்து, மூன்றாம் பாட்டில் தலைவலி வந்துவிடும். ட்ரைபாட் வேண்டாம், லென்ஸ் 190 டிகிரி பார்ப்பதால் அதன் கால்கள் படத்தில் விழும். கனமான சிறு தட்டின் மேல் நிற்கும் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் போதும். அதைச் சமமட்டமாக நிறுத்த நீர்மட்டக் குமிழை மட்டும் நம்பாதீர்கள், ஒரு சோதனைப் படம் எடுத்து ஹெட்செட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் மேடை சரிவதுபோல் இருக்கும். கேமரா அசையவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, குமட்டல் வந்த ரசிகர் இன்னொரு முறை வரமாட்டார்.

முன்வரிசைக்காரர்கள் மறைக்கிறது என்று சத்தம் போடுவார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. கேமராவையும் ஸ்டாண்டையும் கறுப்புத் துணியால் சுற்றுங்கள். காரியதரிசியிடம் கச்சேரி அன்று சொல்லாமல் முன்கூட்டியே பேசி, முதல் வரிசை நடு இருக்கைகள் இரண்டை நீங்களே வாங்கிவிடுங்கள். பாடகரிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: கேமராவை எதிரே உட்கார்ந்திருக்கும் சிஷ்யராக நினைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது ஒரு தடவை பார்த்தால் போதும். அந்த ஒரு பார்வை ஹெட்செட்டில் இருப்பவரின் முதுகை நிமிர்த்திவிடும். ஐந்து தடவை பார்த்தால் கூச்சமாகிவிடும்.

மிருதங்கம் வாசிப்பதை எடுக்க நொடிக்கு 30 ஃப்ரேம் போதாது. தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) முடிவுக் கோர்வை நெருங்கும்போது நொடிக்குப் பத்து பன்னிரண்டு சொல், அதாவது அடி, விழும். ஒரு சொல்லுக்கு மூன்று ஃப்ரேம்கூட மிஞ்சாது, விரல்கள் பஞ்சு மாதிரி கலங்கித் தெரியும். 60 வேண்டும். கேனான் ஆர்5-இல் 8கே 30 வரைதான், அதிலும் விசிறி இல்லாததால் சூடாகி நின்றுவிடும். ஆர்5 சி-யில் விசிறி உண்டு, 8கே 60 உண்டு. ஆனால் கேமரா பேட்டரியை மட்டும் நம்பி 60-இல் இறங்காதீர்கள். லென்ஸுக்குப் போகும் மின்சாரம் போதாமல் போகும். யூ.எஸ்.பி. பவர் டெலிவரி அடாப்டரிலிருந்து கேபிள் இழுங்கள். 'ரா' எனப்படும் மூலப் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 19 ஜி.பி. தின்னும். 512 ஜி.பி. கார்டு 26 நிமிடத்தில் நிறையும், 1 டி.பி. ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். பிரதான உருப்படி (கச்சேரியின் முக்கியப் பாட்டு) ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி என்று ஒரு மணி நேரத்தைத் தொடும். பாதி நிறைந்த கார்டோடு அதற்குள் நுழைந்தால் தனியின் நடுவில் கார்டு தீரும். எனவே பிரதான ராகம் தொடங்குவதற்கு முந்தைய கைதட்டலில், எவ்வளவு மிச்சமிருந்தாலும், புதுக் கார்டு. தனி தொடங்கும் முன் பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் இன்னொன்று.

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 60 ஃப்ரேமில் ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முழுத் துடிப்பை வாங்கும், மினுக்கல் வராது. வழக்கத்தின்படி 1/120 வைத்தால் வரும், ஹெட்செட்டில் அது பெரிய தொந்தரவு. பின்னால் எல்.இ.டி. திரை வைத்து விளம்பரம் ஓடவிடும் சபாவாக இருந்தால், பதிவாகும் உருப்படிகளுக்கு மட்டுமாவது அசையாத ஒரே நிறம் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரசிகரின் கண் பாடகரை விட்டுவிட்டு நகைக்கடை விளம்பரத்தைத்தான் பார்க்கும்.

ஜரிகையும் வைரத்தோடும் தனிக் கதை. கூர்மையான ஸ்பாட் விளக்கில் தோடு மின்னும்போது அந்த மின்னல் இடக்கண் லென்ஸுக்கு விழும், வலக்கண் லென்ஸுக்கு விழாது. ஒரு கண்ணில் வெள்ளைப் பொட்டு, மறு கண்ணில் இல்லை என்றால், மூளை இரண்டையும் சேர்க்கமுடியாமல் அந்த இடம் கொதிப்பதுபோல் தெரியும். விளக்கின் முன் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாள் மாட்டி, உயரமாக, பக்கவாட்டிலிருந்து அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தோட்டைக் கழற்றச் சொல்லும் யோசனை யாருக்காவது வந்தால் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இனி சத்தம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். கண்ணில் கொஞ்சம் குறை இருந்தால் கச்சேரி கேட்பவர் பொறுத்துக்கொள்வார், காதில் குறை இருந்தால் பொறுக்கமாட்டார். இரண்டு வகைப் பதிவு வேண்டும். ஒன்று, எல்லாத் திசை ஒலியையும் திசையோடு பதியும், நான்கு கேப்சூல் (ஒலி வாங்கும் முனை) உள்ள ஆம்பிசானிக் மைக், ஜூம் எச்3-வி.ஆர். போன்றது போதும். அதைக் கேமராவுக்குக் கீழே, லென்ஸின் முகப்புக்குச் சற்றுப் பின்தள்ளி மாட்டினால் படத்தில் விழாது. கேமரா விசிறி ஓசை கேட்கிறதா என்று காலி அரங்கில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். கேட்டால் 30 செ.மீ. இறக்குங்கள். இரண்டாவது, சபா மிக்ஸரிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி டிராக்: குரல், வயலின், வலந்தலை, தொப்பி (மிருதங்கத்தின் மறு முகம்), கடம் அல்லது கஞ்சிரா, தம்பூரா. மிக்ஸர்காரரிடம் ப்ரீ-ஃபேடர் (அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு முந்தைய ஒலி) என்று அழுத்திச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வயலின்காரர் கையைக் காட்டியதும் மிக்ஸர்காரர் ஏற்றுகிற ஒவ்வொரு ஏற்றமும் உங்கள் பதிவிலும் ஏறும்.

இரண்டையும் சேர்க்கும்போது நேரம் முக்கியம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும். 2 மீட்டர் தள்ளியுள்ள ஆம்பிசானிக் மைக்கை மிருதங்க ஒலி சுமார் 6 மில்லிநொடி தாமதமாகத் தொடும். அப்படியே கலந்தால் "தீம்" ஒன்று இரண்டாகிச் சொரசொரப்பாகும். நெருக்க மைக் டிராக்குகளை, அதாவது மிக்ஸரிலிருந்து எடுத்தவற்றை, 5.8 மில்லிநொடி தள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 280 சாம்பிள். ஆம்பிசானிக்கை அடிப்படையாக வைத்து, நெருக்க மைக்குகளை அவரவர் உட்கார்ந்த கோணத்தில் நிறுத்தி, 6 முதல் 8 டெசிபல் குறைவாகச் சேர்த்தால் போதும். பாட்டின் சொற்கள் தெளியும், அரங்கின் காற்றும் மிஞ்சும்.

இதைவிடச் சூழ்ச்சியான பிழை கடிகாரம். ரெக்கார்டரும் கேமராவும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடினால், பத்து லட்சத்தில் பத்து பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டரை மணி நேரத்தில் 90 மில்லிநொடி விலகும். ஆரம்பத்தில் கைதட்டி ஒத்துப்போன சத்தம், தனி ஆவர்த்தனம் வரும்போது ஐந்து ஃப்ரேம் தள்ளிப்போயிருக்கும். டி.வி.-யில் பாட்டு கேட்கும்போது இது கண்ணில் படாது. இரண்டு மீட்டரில் கை தோலில் விழுவதைப் பார்ப்பவருக்குத் தாளம் தப்பியதாகவே தோன்றும், பழி மிருதங்கக்காரர் மேல் விழும். இரண்டையும் ஒரே நேரக்கணக்கில் ஓட்டும் பொது டைம்கோடு அல்லது வேர்ட் கிளாக் போடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு உருப்படிக்கும் தனியாக ஒத்துப்பாருங்கள்.

ஆம்பிசானிக் கோப்பில் சேனல் வரிசை இரண்டு வகை: ஃபியூமா, ஆம்பிஎக்ஸ். யூடியூப் கேட்பது ஆம்பிஎக்ஸ். தவறி ஃபியூமா கோப்பைக் கொடுத்தால் முன்னால் இருக்கும் பாடகர் இடக்காதில் பாடுவார், மிருதங்கம் தலைக்கு மேலே கேட்கும், வயலின் தரைக்குள் போய்விடும். இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேடவேண்டாம். மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ரெக்கார்டரில் அதைச் சொல்ல மறந்தால் இடமும் வலமும் மாறும். தம்பூராவை மட்டும் தலையோடு சேர்ந்து நகரும் ஸ்டீரியோவில் போடுவது எங்களுக்குப் பிடித்த வழி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுருதி விலகாமல் சூழ்ந்திருக்கும். யூடியூபில் நான்கோடு இரண்டு சேர்த்து ஆறு சேனல் கோப்பாக அதைக் கொடுக்கமுடியும்.

மானிட்டர் ஸ்பீக்கர் பிரச்சினைக்கு நல்ல தீர்வு கிடையாது. கேமரா மேடையில் இருப்பதால் பாடகரின் குரல் வாயிலிருந்தும் வரும், தரையிலிருக்கும் பெட்டியிலிருந்தும் வரும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கச்சேரி நடுவில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் பாடியாகவேண்டுமே! ஆகவே உண்மையான யோசனை இதுதான்: பெரிய சபாவை விடுங்கள். நாற்பது ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில், மைக் இல்லாத கச்சேரியாக ஏற்பாடு செய்து எடுங்கள். ஸ்டாண்ட் இல்லை, மானிட்டர் இல்லை, திரை இல்லை. மேலே சொன்ன தலைவலிகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ரசிகர்களை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பலே" கேட்காத வித்வான் வேறு மாதிரி வாசிப்பார்.

எடிட்டிங்கில் சொல்ல அதிகமில்லை. ஒரு உருப்படிக்கு ஒரு கேமரா இடம். தனிக்கு மட்டும் மிருதங்கத்துக்கு 1.2 மீட்டர் அருகில் இன்னொன்று வைக்கலாம். ஒரு விரல் 14 பிக்சல் வரும், போதும். இடம் மாறும்போது ஒரு நொடி இருட்டுக்குப் போய் வாருங்கள். யாரைப் பார்ப்பது என்று முடிவுசெய்வது ரசிகரின் வேலை, அதைப் பிடுங்கினால் அவர் கழற்றிவிடுவார். மொத்தம் 35 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். மெட்டாவின் க்வெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம், அதில் பெரும்பகுதி கன்னத்தில் தொங்குகிறது, சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மூன்று மணிக் கச்சேரியை அதில் அடைக்கமுடியாது. ஏ. ஆர். ரஹ்மான் 2022-இல் கான் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோன வி.ஆர். படமும், அசையும் நாற்காலி, வாசனை எல்லாம் இருந்தும், 36 நிமிடம்தான்.

நேரலை செய்யலாமே என்பார்கள். வேண்டாம். 8கே-யை நேரலையாக அனுப்பும் இணைப்பு கூடத்தில் இருக்காது. 4கே-க்கு இறங்கினால் டிகிரிக்குப் பத்து பிக்சல், முகம் மறுபடி பாதியாகும். அத்தோடு ஒளிபரப்பு பல நொடி தாமதமாக வரும் என்பதால் ரசிகர் கைதட்டுவது வித்வானுக்குப் போய்ச் சேராது. டொராண்டோவிலும் சிட்னியிலும் இருப்பவர்களைக் கூட்டாகக் கேட்கவைக்க விரும்பினால், பதிவை ஒரு குறித்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாக ஓடவிட்டு, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் மட்டும் பேச்சைத் திறந்துவிடுங்கள். பாட்டின்போது திறந்தால் தாளம் போடும் சத்தம் ஒருவருக்கொருவர் 150 மில்லிநொடி தள்ளிக் கேட்கும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கையில் ஓடும் ஆதி தாளத்தில் அது ஒரு எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. யாருக்கும் பொறுக்காது.

போட்டுக் காட்டும் இடத்தில் சுழல் நாற்காலி தேவையில்லை. தரையில் உட்காரமுடிந்தவர்களை ஜமக்காளத்தில், சுவரில் சாய்ந்து உட்கார வையுங்கள். லென்ஸ் 75 செ.மீ.-இல் இருந்ததால் உடம்பும் கண்ணும் அப்போதுதான் ஒத்துப்போகும். முடியாத பெரியவர்களுக்கு உயரம் குறைந்த நாற்காலி. கோப்பை ஹெட்செட்டிலேயே இறக்கி வையுங்கள். நொடிக்கு 80 மெகாபிட் என்றால் 35 நிமிடத்துக்கு 21 ஜி.பி., நாலு பேர் ஒரே வைஃபையில் இழுத்தால் நிற்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு ஸ்பேசர் மாட்டி, கண் இடைவெளிச் சக்கரத்தை ஒவ்வொருவருக்கும் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஹெட்செட்டின் சொந்த ஸ்பீக்கர் பக்கத்து ஆளுக்குக் கசியும், வயர் ஹெட்போன் கொடுங்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடட்டும். ஸ்பஞ்சுக்குப் பதில் சிலிக்கான் உறை போட்டால் ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்கலாம். லென்ஸை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

ஓட விட்டபின் அவர் முகத்தைப் பார்க்கமுடியாது, கையைப் பாருங்கள். கை அடிக்கடி பட்டைக்குப் போனால் எடை அழுத்துகிறது, தளர்த்தி மேலே ஏற்றுங்கள். தலை ஒரே திசையில் விறைத்திருந்தால் படம் மங்கலாகத் தெரிகிறது, சக்கரத்தைப் பாருங்கள். இரண்டாம் பாட்டுக்குள் வலது கை தொடையில் விழுந்து, விரல் எண்ணத் தொடங்கிவிட்டால் கிட்டே போகாதீர்கள்.